தீ அணைந்த பிறகும் விடாத புகை

தீ அணைப்பு வீரர்களின் உடம்பை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன?

தூத்துக்குடி அனல் மின்சார நிலையத்தில் 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் 15-ந் தேதி இரவு தீ பிடித்தது.

மின்சாரக் கேபிள்கள் எரிந்தன. கரும்புகை எழுந்தது. தீ அணைக்கும் வண்டிகள் விரைந்தன. வீரர்கள் பல மணி நேரம் போராடினார்கள். முதல் 3 பிரிவுகளில் மின்சார உற்பத்தி நின்றது. உள்ளே போன வீரர்களுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது என்ற செய்தியும் வந்தது.

பிறகு தீ அணைந்தது. "எத்தனை மெகாவாட் நின்றது? எவ்வளவு ரூபாய் நஷ்டம்?" என்று கணக்குப் போட்டார்கள். அது போட வேண்டிய கணக்குதான்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. அதைக் கேட்பவர்கள் குறைவு.

அந்தப் புகைக்குள் நின்ற வீரர்கள் எவ்வளவு விஷத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்? அந்த விஷம் பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்து என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு உலகத்தின் பல நாடுகளில் விஞ்ஞானிகள் விடை தேடி இருக்கிறார்கள். கிடைத்த விடை திடுக்கிட வைக்கிறது. தூத்துக்குடி போன்ற ஊருக்கு அது மிகவும் தேவையான விடை. துறைமுகம், நிலக்கரி, உரத் தொழிற்சாலை, ரசாயனத் தொழிற்சாலை, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆலைகள் என்று எரியக்கூடிய பொருள் எல்லாம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது.

கேபிள் எரிந்தால்...

அடுப்பில் ஈர விறகு எரிந்தாலே கண் எரிகிறது, இருமல் வருகிறது. இன்றைய தீயில் எரிவது வெறும் விறகு அல்ல.

மின்சாரக் கேபிளின் மேல் தோல் பிளாஸ்டிக்கால் ஆனது. பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு வருகிறது. மூக்கிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறது அல்லவா? அந்த ஈரத்தில் பட்டதும் வாயு ஆசிட்டாக மாறிவிடும். கழிவறை கழுவக் கடையில் ஆசிட் வாங்குகிறோமே, அதே வகை ஆசிட்! அது நெஞ்சுக்குள் இறங்கினால் எப்படி இருக்கும்?

மெத்தையும் சோபாவும் எரிந்தால் சயனைடு வாயு வரும்.

எது எரிந்தாலும் வரும் வாயு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. ஆனால், பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிராண வாயு ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துவிடும். தீ விபத்தில் இறப்பவர்களில் பலர் உடம்பில் தீப்படாமலே இறப்பது இதனால்தான்.

இவை எல்லாம் உடனே தாக்கும் விஷங்கள். உடனே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்.

தெரியாமல் தாக்குவது கரி. புகையோடு வரும் பொடிக்கரி கழுத்தில் ஒட்டும், கையில் ஒட்டும், சட்டையில் படியும். அது அப்போது வலிக்காது. அதன் வேலை பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

25 விஞ்ஞானிகளின் முடிவு

பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்று நோய் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. எந்தப் பொருளால் புற்று நோய் வரும், எந்த வேலையால் வரும் என்று ஆராய்ந்து சொல்வது அதன் பணி.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே 25 விஞ்ஞானிகள் கூடினார்கள். 8 நாடுகளில் இருந்து வந்தவர்கள். தீ அணைப்பு வீரர்களைப் பற்றி அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் மேஜையில் வைத்துப் படித்தார்கள்.

"தீ அணைக்கும் தொழில் மனிதருக்குப் புற்று நோய் உண்டாக்கும்" என்று முடிவு சொன்னார்கள்.

இதற்கு முன்பு, 2007-ம் ஆண்டிலும் இப்படிக் கூடினார்கள். அப்போது "உண்டாக்கலாம்" என்றுதான் சொல்ல முடிந்தது. 15 ஆண்டுகளில் சந்தேகம் போய்விட்டது.

இரண்டு வகைப் புற்று நோய்களுக்குச் சான்று உறுதியாகக் கிடைத்தது. ஒன்று, நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் வருவது. மற்றொன்று, சிறுநீர்ப் பையில் வருவது. முதல் நோய் மற்றவர்களைவிட தீ அணைப்பு வீரர்களுக்கு 100-க்கு 58 பங்கு அதிகமாக வருகிறது. இரண்டாவது நோய் 100-க்கு 16 பங்கு அதிகம். குடல், தோல் முதலிய வேறு சில இடங்களில் வரும் புற்று நோய்களைப் பற்றியும் சந்தேகம் இருக்கிறது. சான்று இன்னும் முழுமை ஆகவில்லை.

இதைப் படித்து, வீரர்களின் வீட்டில் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். தீ அணைக்கப் போகிறவர் எல்லோருக்கும் புற்று நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் நோய் மிகவும் அபூர்வமான நோய். அபூர்வமானது ஒன்றரை மடங்கு ஆனாலும் அபூர்வம்தான். "இந்த வேலைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டு" என்பது உறுதி ஆகிவிட்டது, அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் அல்ல. "பீடி குடித்திருப்பார், அதனால் வந்திருக்கும்" என்று இனிமேல் யாரும் கையை விரிக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தீ அணைப்புப் படைக்கு ஆள் எடுக்கும்போது நோஞ்சானை எடுப்பது இல்லை. ஓடவைத்து, கயிறு ஏறச் சொல்லி, டாக்டர் பார்த்து, திடகாத்திரமான இளைஞரைத்தான் எடுக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு மற்றவர்களைவிட நோய் குறைவாக அல்லவா வர வேண்டும்?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா ஆகிய 3 நகரங்களில் வேலை பார்த்த சுமார் 30 ஆயிரம் தீ அணைப்பு வீரர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1950-ம் ஆண்டில் இருந்து 2009-ம் ஆண்டு வரை உள்ள கணக்கு. அங்கேயும் புற்று நோய்ச் சாவு பொது மக்களைவிட அதிகமாகவே இருந்தது.

கூரை வெடித்தால் பறக்கும் தூசி

நுரையீரல் உறையில் வரும் நோய்க்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ். நம் ஊர்க் கிடங்குகளிலும், பட்டறைகளிலும், ஏழைகளின் வீடுகளிலும் கூரையாக இருக்கிறதே, அந்த ஷீட்டில் இருப்பதுதான். சும்மா இருக்கும்போது அது அதிகத் தொந்தரவு செய்வது இல்லை. தீயில் சூடானால் வெடித்துச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகப் பறக்கும். மூச்சோடு உள்ளே போனது திரும்ப வெளியே வராது. நோய் தலைகாட்ட 20 ஆண்டும் ஆகலாம். 40 ஆண்டும் ஆகலாம்.

தீ அணைந்து, புகை அடங்கி, "அப்பாடா" என்று முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாம்பலைக் கிளறும் நேரம் இருக்கிறதே, அந்த நேரம்தான் மோசமானது. கங்கு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கக் கிளறத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் முகமூடி முகத்தில் இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புத்தி.

குளித்தால் பாதி நோய் போகும்

கரிக்கும் புற்று நோய்க்கும் உள்ள உறவு இன்று நேற்றுக் கண்டதா? 250 ஆண்டுகளுக்கு முன்பே கண்டது!

லண்டன் நகரத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்ட ஏழை வீட்டுச் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் இறக்குவார்கள். குறுகலான துவாரம். துணிகூட இல்லாமல் நுழைந்த பிள்ளைகளும் உண்டு.

அவர்கள் வளர்ந்து வாலிபர் ஆனதும் விதைப் பையில் புற்று நோய் வந்தது. பெர்சிவல் பாட் என்ற டாக்டர் இதைக் கவனித்தார். "தோல் மடிப்பில் தங்கும் கரிதான் காரணம்" என்று 1775-ம் ஆண்டில் எழுதினார். ஒரு தொழிலால் புற்று நோய் வரும் என்று முதன்முதலில் எடுத்துக் காட்டியவர் அவர்தான்.

லண்டன்காரர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். டென்மார்க் நாட்டில் புகைபோக்கி சுத்தம் செய்வோர் சங்கம் சும்மா இருக்கவில்லை. 1778-ம் ஆண்டில் தன் ஆட்களுக்கு ஒரு யோசனை சொன்னது.

"தினமும் குளியுங்கள்!"

அவ்வளவுதான். மருந்து இல்லை, மாத்திரை இல்லை.

அந்தப் பழைய வைத்தியத்தை இந்த நூற்றாண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். வீடு போல ஒன்றைக் கட்டித் தீ வைத்தார்கள். வீரர்களை உள்ளே அனுப்பினார்கள். வெளியே வந்ததும் சட்டையில் எவ்வளவு விஷக் கரி இருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். 100-க்கு 85 பங்கு கரி போயிருந்தது! கழுத்தை ஈரத் துணியால் துடைத்ததில் பாதிக்கு மேல் போனது. 2017-ம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது.

சோப்பு, பிரஷ், ஒரு வாளித் தண்ணீர். இதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டியது இல்லை. தீ அணைக்கும் வண்டியில் தண்ணீர் இல்லாமலா இருக்கும்?

அந்தச் சட்டை எங்கே துவைக்கப்படுகிறது?

இது வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

கரி படிந்த காக்கிச் சட்டை வீட்டுக்கு வந்தால், கரியும் கூடவே வருகிறது. அப்பா வந்ததும் குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். சட்டை மற்றத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறும். குழந்தையின் கவுனும் அதே தண்ணீரில் ஊறும்.

ஆகவேதான், தீயில் போட்ட உடுப்பை நிலையத்திலேயே துவைக்க வேண்டும் என்று மேல் நாடுகளில் விதி செய்து வருகிறார்கள். வீரர் குளித்து, மாற்று உடை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி உடுப்பு இருந்தால்தான் இது நடக்கும். ஒன்று துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தால், போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டாமா?

பழைய காலத்தில் கரி படிந்த தொப்பியும் உடுப்பும் வீரத்துக்கு அடையாளம். சில நாடுகளில் புதிதாகச் சேர்ந்த பையன், தொப்பி கறுக்கவில்லையே என்று வெட்கப்பட்டது உண்டாம்! இப்போது அந்தக் கரியைப் பார்த்தால் டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

மணி அடித்தால் நெஞ்சும் அடிக்கும்

வேலையில் இருக்கும்போதே இறந்த தீ அணைப்பு வீரர்களின் கணக்கை அமெரிக்க டாக்டர்கள் 2007-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். 1994-ம் ஆண்டு முதல் 2004-ம் ஆண்டு வரை உள்ள கணக்கு. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது இறந்தவர்களைச் சேர்க்காமலே 1,144 பேர். அவர்களில் 449 பேர் இதய நோயால் இறந்தவர்கள்.

அந்த 449 பேரில் 100-க்கு 32 பேர் தீயை அணைக்கும்போது இறந்தார்கள். 13 பேர் மணி அடித்துப் புறப்பட்டுப் போகும்போதே இறந்தார்கள். 17 பேர் வேலை முடித்துத் திரும்பும்போது இறந்தார்கள். ஆண்டு முழுவதும் பார்த்தால், தீயோடு போராடும் நேரம் அவர்கள் வேலை நேரத்தில் 100-ல் 1 பங்கு முதல் 5 பங்கு வரைதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் இவ்வளவு சாவு!

தூங்கிக்கொண்டிருப்பவர் மணிச் சத்தத்தில் துள்ளி எழுகிறார். உடுப்பும் காற்று சிலிண்டரும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் சுமை. உள்ளே கொதிக்கிறது. வேர்வை ஊற்றுகிறது, உடுப்புக்குள் காற்றோட்டம் இல்லாததால் வேர்வை உலர்வதும் இல்லை, உடம்பு குளிர்வதும் இல்லை. ரத்தம் கெட்டியாகிறது. இருதயம் எத்தனை நேரம் தாங்கும்?

இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் குளிர் நாட்டில் எடுத்தது. தூத்துக்குடி வெயிலில் எடுத்தது அல்ல. பங்குனி, சித்திரையில் உப்பளத்துப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

நம் நாட்டில் இப்படி ஆராய ஆள் இல்லையா? இருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்து, வெயிலுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டி இருக்கிறார்கள். உப்பளத்தில் செய்ததைத் தீ அணைப்பு நிலையத்திலும் செய்யலாம்.

பம்பாய்த் துறைமுகத்தில் 66 பேர்

துறைமுகத் தீ தனி ரகம். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் ஆபத்து.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி முதல் 20-ந் தேதி வரை தீ அணைப்பு வாரம் நடக்கிறது. பள்ளிக்கூடங்களில் வந்து வீரர்கள் செய்து காட்டுகிறார்களே, அந்த வாரம்தான். ஏன் ஏப்ரல் 14?

1944-ம் ஆண்டு அந்த நாளில், பம்பாய் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் நின்றது. இரண்டாவது உலகப் போர் நடந்த காலம். கப்பலுக்குள் சுமார் 1,400 டன் வெடி மருந்து. அதோடு பஞ்சுப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும்! யார் அப்படி ஏற்றினார்களோ? போர் அவசரத்தில் எதை எதோடு சேர்க்கிறோம் என்று பார்க்கவில்லை.

நடுப்பகலில் புகை தெரிந்தது. தீ அணைப்பு வீரர்கள் வந்தார்கள். நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை உள்ளே பாய்ச்சினார்கள். எங்கே எரிகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணிக்குப் பிறகு மறுபடியும் வெடித்தது. துறைமுகத்தைச் சுற்றி இருந்த தெருக்கள் நாசம் ஆயின. கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. அவை பறந்து போய் வீட்டுக் கூரையில் விழுந்த கதையைப் பம்பாயில் வெகு காலம் பேசினார்கள். இறந்த நூற்றுக்கணக்கான மக்களோடு 66 தீ அணைப்பு வீரர்களும் இறந்தார்கள்.

76 ஆண்டு கழித்து அதே கதை இன்னொரு துறைமுகத்தில் நடந்தது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி, லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் தீ. 2,750 டன் அமோனியம் நைட்ரேட் அங்கே ஆண்டுக் கணக்கில் கிடந்தது. தீ அணைக்க 10 பேர் போனார்கள். அவர்களிடம் உள்ளே இருப்பது என்ன என்று சரியாகச் சொல்லி அனுப்பவில்லை. ஒருவரும் திரும்பவில்லை.

அந்த வெடிச் சத்தம் கேட்டுத்தான் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் கிடந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் பற்றி ஞாபகம் வந்தது. அதே மாதம் லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள்.

எந்தக் கிடங்கில் என்ன சரக்கு, எவ்வளவு சரக்கு என்ற பட்டியல் தீ அணைப்பு நிலையத்தின் கையில் எப்போதும் இருக்க வேண்டும். டாக்டர் சோதனையைப் போல இதுவும் உயிர் காக்கும் காரியம்.

மச்சான் கையில் கயிறு

முத்துக் குளித்த கடற்கரை இது. 1961-ம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றுவிட்டது. ஆனால் கதைகள் நிற்கவில்லை.

கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி, ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் உயிர் போய்விடும். அதனால் அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டு. தங்கை தாலி அறுக்க அண்ணன் விடுவானா?

புகையும் கடல் மாதிரிதான். உள்ளே மூச்சு விட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கடலுக்குள் இறங்குகிறவர் போடும் செம்புத் தொப்பியே தீ அணைப்பு வீரருக்காக வந்ததுதான். சார்லஸ் டீன் என்ற ஆங்கிலேயர் 1823-ம் ஆண்டில், புகைக்குள் போவதற்கு என்று ஒரு தொப்பி செய்து உரிமை வாங்கினார். வெளியில் இருந்து துருத்தி மூலம் குழாயில் காற்று அடிக்க வேண்டும். பிறகு அவரும் அவர் தம்பியும் அதையே தண்ணீருக்குள் இறங்கும் தொப்பியாக மாற்றினார்கள்.

இப்போது வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அரை மணி, முக்கால் மணி தாங்கும் என்பது கணக்கு. மாடி ஏறி, சுமை தூக்கி, வேகமாக மூச்சு வாங்கினால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். தீரப் போகிறது என்றால் விசில் ஊதும்.

வெளியே ஒருவர் பலகையோடு நிற்க வேண்டும். யார் உள்ளே போனார், எத்தனை மணிக்குப் போனார், சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று எழுத வேண்டும். நேரம் நெருங்கினால் வெளியே கூப்பிட வேண்டும். முத்துத் தோணி மச்சானின் வேலைதான் அது. ஆள் பற்றாக்குறை என்று இவரையும் குழாய் பிடிக்க அனுப்பிவிட்டால், உள்ளே போனவரின் கயிறு யார் கையில் இருக்கிறது?

கட்டடம் விழுந்து சாவதும் உண்டு. 2020-ம் ஆண்டு தீபாவளி அன்று விடியும் முன், மதுரையில் ஜவுளிக் கடைத் தீயை அணைக்கப் போன 2 வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். ஊர் முழுவதும் பட்டாசு வெடிக்கும் நாளில் அந்த இரண்டு வீடுகளிலும் அழுகைக் குரல். அது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் அஞ்சலி செலுத்தினார்கள்.

ஓய்வு பெற்ற பின் ஆஸ்பத்திரியில் படுப்பவர் எந்தக் கணக்கிலும் வருவது இல்லை. அமெரிக்காவில் இதற்கென்று 2018-ம் ஆண்டில் சட்டம் செய்து, 2023-ம் ஆண்டில் தீ அணைப்பு வீரர்களுக்கு ஒரு தேசியப் பதிவேடு திறந்தார்கள். வேலையில் இருப்பவர்களும் அதில் பெயர் எழுதலாம். ஓய்வு பெற்றவர்களும் எழுதலாம். அவர்களுக்குப் புற்று நோய் வருகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து வருவார்கள்.

நம் நிலையங்களில் ஒவ்வொரு தீக்கும் அறிக்கை எழுதுகிறார்கள். எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, வண்டி எப்போது புறப்பட்டது, தீ எப்போது அணைந்தது என்று அதில் இருக்கும். எரிந்த பொருள் என்ன, யார் யார் எவ்வளவு நேரம் புகைக்குள் நின்றார்கள் என்று அதோடு இன்னும் இரண்டு வரி சேர்த்து, அவரவர் மருத்துவச் சீட்டிலும் குறித்து வைத்தால் போதும். முப்பது ஆண்டு கழித்து அவரைச் சோதிக்கும் டாக்டர், "பீடி குடிப்பீர்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்த மாட்டார். 2025-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி இரவு அவர் எங்கே நின்றார் என்பதும் அந்தச் சீட்டில் இருக்கும்.